பிலிப் வின்சென்ட்

பிலிப் கான்ராட் வின்சென்ட் (1908 - 1979) இங்கிலாந்தைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் வடிவமைப்பாளரும் உற்பத்தியாளரும் ஆவார். வின்சென்ட் எச்.ஆர்.டி. நிறுவனத்தை நிறுவியவர் இவரே. இந்நிறுவனத்தின் ராப்பிட், பிளாக் ஷாடோ, பிளாக் லைட்னிங் ஆகிய வண்டிகள் அவற்றின் காலத்தில் உலகின் மிக வேகமான மோட்டார் சைக்கிள்களாக அறியப்பட்டன. வேகத்திற்காகவே இவர் பெயர் பெரிதும் நினைவுகூரப்பட்டாலும், இவர் முதலில் கையில் எடுத்த சிக்கல் வேகம் அன்று. மேடுபள்ளமான சாலையில் பின்சக்கரம் தரையைவிட்டு எழாமலும், ஓட்டுநரின் முதுகு நோகாமலும் ஒரு வண்டியை ஓடச் செய்வது எப்படி என்பதே அச்சிக்கல். இதற்கு இவர் கண்ட தீர்வை 1928 இல் காப்புரிமை செய்தார். தனது நிறுவனம் 1955 இல் மோட்டார் சைக்கிள் உற்பத்தியை நிறுத்தும்வரை அத்தீர்வைக் கைவிடாமல், மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே இருந்தார்.

இளமையும் கல்வியும்

வின்சென்டின் பெற்றோர் ஆங்கிலேயர்கள். அர்ஜென்டினாவில் கால்நடைப் பண்ணை நடத்தியவர்கள். இவரது குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி அங்கு கழிந்தது. பின்னர் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஹாரோ பள்ளியில் பயின்றபின், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் இயந்திர அறிவியல் படிப்பில் சேர்ந்தார். மாணவப் பருவத்திலேயே மோட்டார் சைக்கிள் மீது பெரும் ஈடுபாடு கொண்டிருந்த இவர், 1927 இல் சுவிட்சர்லாந்தின் எம்.ஏ.ஜி. எஞ்சினைப் பொருத்தித் தனது முதல் வண்டியை உருவாக்கினார். வின்சென்ட் ஸ்பெஷல் எனப்பட்ட அவ்வண்டியின் பின்சக்கரம் சுருள்விற்களின் மேல் இயங்கியது. படிப்பை முடிக்காமலேயே, தந்தையின் பண உதவியுடன் தொழிலில் இறங்கினார். அப்போது இவருக்கு வயது இருபது.

அக்கால வண்டிகளும் பின் தொங்கமைப்பும்

வின்சென்டின் பங்களிப்பை விளங்கிக்கொள்ள 1920களின் மோட்டார் சைக்கிள் எவ்வாறு இருந்தது என்பதை அறிதல் வேண்டும். முன்சக்கரம் கர்டர் ஃபோர்க் எனப்படும், சுருள்வில் கொண்ட கவையில் பொருத்தப்பட்டிருக்கும். பின்சக்கரமோ மிதிவண்டியில் இருப்பதைப் போன்று சட்டகத்துடன் நேரடியாக இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கத்து அதிர்ச்சியைத் தாங்குபவை இரண்டே: ஒன்று டயரில் உள்ள காற்று, மற்றொன்று இருக்கைக்கு அடியில் உள்ள இரு சுருள்விற்கள்.

இருக்கையின் அடியில் உள்ள சுருள்வில் ஓட்டுநரை மட்டுமே காக்கும், வண்டியைக் காக்காது. பள்ளத்தில் விழுந்து எழும் பின்சக்கரத்துடன் சட்டகமும் எஞ்சினும் சேர்ந்தே தூக்கியெறியப்படும். சக்கரம் காற்றில் இருக்கும் நொடியில் பிரேக்கும் பயன்படாது, எஞ்சினின் ஆற்றலும் தரையை அடையாது. எனவே பின் தொங்கமைப்பு (சஸ்பென்ஷன்) என்பது சொகுசுக்கான பொருள் மட்டும் அன்று. வசதியும் கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. சக்கரம் தரையை விடாமல் பற்றிச் செல்லும்போது இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன என்பதே இயற்பியல் காட்டும் உண்மை.

பின்சக்கரத்திற்குச் சுருள்வில் பொருத்தும் முயற்சிகள் அதற்கு முன்பும் நடந்துள்ளன. அவற்றுள் பலவற்றில் சக்கரம் மேலும் கீழும் அசைவதோடு பக்கவாட்டிலும் நெளிந்தது. வளைவுகளில் வண்டி தள்ளாடியது. இதனால் சுருள்வில் சட்டகம் ஆபத்தானது என்ற கருத்து ஓட்டுநர்களிடையே வேரூன்றிவிட்டது. வின்சென்ட் எதிர்கொள்ள வேண்டியிருந்த முதல் எதிரி இந்த அவநம்பிக்கையே ஆகும்.

இவரது வடிவமைப்பு எளிமையானது. பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதி இருபுறமும் முக்கோண வடிவில் குழாய்களால் அமைக்கப்பட்டது. முக்கோணத்தின் ஒரு முனையில் சக்கரத்தின் அச்சு இருக்கும். கீழ் முனை கியர்பெட்டிக்குப் பின்னால் உருளைத் தாங்கிகளின் மீது சுழலும். மேல் முனை இருக்கைக்கு அடியில், ஏறக்குறையக் கிடைநிலையில் வைக்கப்பட்ட சுருள்வில் பெட்டிகளை அழுத்தும். முக்கோணம் எளிதில் வடிவம் மாறாத உருவம் என்பதால் சக்கரம் பக்கவாட்டில் நெளிவதில்லை. சுழல்புள்ளி கியர்பெட்டியின் பற்சக்கரத்திற்கு அருகில் இருப்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போது சங்கிலியின் இழுவிசையும் அதிகம் மாறுவதில்லை. கான்டிலீவர் தொங்கமைப்பு என இது அழைக்கப்படுகிறது.

எச்.ஆர்.டி. பெயரும் தொடக்ககால இடர்களும்

அறிமுகமற்ற ஓர் இளைஞரின் பெயரில், அதுவும் மக்கள் ஐயுறும் சட்டகத்துடன் வரும் வண்டியை யார் வாங்குவார்கள்? இதனை உணர்ந்த வின்சென்ட், ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு பெயரை விலைக்கு வாங்க முடிவு செய்தார். ஹோவர்ட் டேவிஸ் என்ற பந்தய வீரர் தாமே உருவாக்கிய எச்.ஆர்.டி. வண்டியை ஓட்டி 1925 ஆம் ஆண்டின் சீனியர் டி.டி. பந்தயத்தில் வென்றவர். பந்தயத்தில் வென்றாலும் அவரது நிறுவனம் வணிகத்தில் நிலைக்கவில்லை. கைமாறிய அந்நிறுவனத்தின் பெயரையும் எஞ்சிய பொருட்களையும் 1928 இல் வின்சென்ட் 450 பவுண்டுக்கு வாங்கினார். இலண்டனுக்கு வடக்கே உள்ள ஸ்டீவனேஜ் என்ற சிற்றூரில் தொழிற்சாலை அமைந்தது.

முதல் வண்டிகள் மெதுவாகவே விற்றன. எஞ்சின்கள் ஜே.ஏ.பி. போன்ற பிற நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட்டன. சட்டகத்தின் வழக்கத்திற்கு மாறான தோற்றமே வாங்குவோரை விலக்கியது. ஆகவே 1930களின் தொடக்கத்தில், தொங்கமைப்பின் தத்துவத்தை மாற்றாமல், வெளித்தோற்றம் மட்டும் மற்ற வண்டிகளை ஒத்திருக்குமாறு சட்டகம் மாற்றி வரையப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரண விறைப்புச் சட்டகம் போலவே தெரியும். நல்ல கண்டுபிடிப்பு ஒன்று விற்பனையாவதற்காகத் தன்னை மறைத்துக்கொள்ள நேர்ந்தது என்றே இதனைக் கூறவேண்டும்.

பில் இர்விங்கின் வருகை

வின்சென்ட் வண்டியின் வலிமைக்குச் சான்றாக அமைந்த பயணம் ஒன்று அந்நிறுவனத்திற்கு அதன் மிகச்சிறந்த பொறியாளரையும் கொண்டுவந்தது. பக்கப்பெட்டி இணைத்த வின்சென்ட் எச்.ஆர்.டி. வண்டியில் ஜான் கில் என்பவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டு ஆஸ்திரேலியாவை அடைந்தார். அங்கிருந்து பில் இர்விங் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் 1930 இல் அவருடன் இணைந்து, பின்னிருக்கையில் அமர்ந்தே இங்கிலாந்து வரை பயணம் செய்தார். தொங்கமைப்பும் இருக்கையும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தம் உடலாலேயே பல்லாயிரம் மைல் சோதித்தறிந்த பின்னரே இர்விங் அந்நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார் எனலாம். 

1934 ஆம் ஆண்டு டி.டி. பந்தயத்தில் வெளியிலிருந்து வாங்கப்பட்ட எஞ்சின்கள் பழுதடைந்தன. இதனால் சினமுற்ற வின்சென்ட், இனித் தமது எஞ்சினைத் தாமே செய்வதென முடிவெடுத்தார். சில மாதங்களிலேயே இருவரும் 500 கனசெ.மீ. ஒற்றை உருளை எஞ்சினை உருவாக்கினர். மீட்டியோர், காமெட் ஆகிய வண்டிகள் இதனைக் கொண்டு வெளிவந்தன. 1936 இல் இந்த எஞ்சினின் இரு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்துப் பார்த்த இர்விங்கிற்கு, அவற்றை இணைத்து V வடிவ இரட்டை உருளை எஞ்சின் செய்யலாம் என்ற எண்ணம் தோன்றியது. அவ்வாறு பிறந்ததே 998 கனசெ.மீ. கொண்ட முதல் ராப்பிட். இது மணிக்கு ஏறத்தாழ 110 மைல் (177 கி.மீ.) வேகத்தில் செல்லக்கூடியது. எஞ்சினைச் சுற்றி எண்ணெய்க் குழாய்கள் பின்னிக்கிடந்ததால் குழாய்ப் பணியாளரின் கெட்ட கனவு என்று கேலிப்பெயரும் இதற்கு ஏற்பட்டது. இர்விங் 1937 இல் வெலோசெட் நிறுவனத்திற்குச் சென்று, போர்க்காலத்தில் மீண்டும் திரும்பினார்.

பி வரிசை: சட்டகமற்ற வண்டி

இரண்டாம் உலகப்போரின்போது தொழிற்சாலை போர்த் தளவாட உற்பத்தியில் ஈடுபட்டது. வானிலிருந்து இறக்கப்படும் உயிர்காப்புப் படகுகளுக்கான எஞ்சின் ஒன்றும் அங்கு உருவாக்கப்பட்டது. போருக்குப் பிந்தைய வண்டிக்கான வரைபடங்களையும் வின்சென்டும் இர்விங்கும் இக்காலத்திலேயே வரைந்தனர்.

1946 இல் வெளிவந்த பி வரிசை ராப்பிட்டில் வழக்கமான சட்டகம் இல்லை. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே வார்ப்புக்குள் அமைந்து, அதுவே வண்டியின் முதுகெலும்பாக இயங்கியது. அதன் மேலே எஃகுத் தகட்டால் ஆன பெட்டி ஒன்று முன்கவையையும் பின் சுருள்விற்களையும் இணைத்தது. அப்பெட்டியே எண்ணெய்த் தொட்டியாகவும் பயன்பட்டது. பின் முக்கோணம் நேரடியாக எஞ்சினின் பின்புறத்தில் பொருத்தப்பட்டது. இதனால் 1000 கனசெ.மீ. வண்டியின் இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ 56 அங்குலமாகக் குறைந்தது. அது 500 கனசெ.மீ. வண்டி ஒன்றின் அளவேயாகும்.

ஓட்டுபவரின் வசதி இவ்வண்டியில் பெற்ற கவனம் வியப்பிற்குரியது. கால்வைப்பு, கியர் நெம்புகோல், பிரேக் மிதி ஆகியவற்றை ஓட்டுநரின் உயரத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சங்கிலியின் இறுக்கத்தைக் கருவி எதுவும் இன்றிக் கையாலேயே சரிசெய்யலாம். சக்கரத்தைக் கழற்றவும் கருவி தேவையில்லை. பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பற்கள் கொண்ட பற்சக்கரங்களைப் பொருத்தி, பக்கப்பெட்டி இணைக்கும்போது சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது.

இருக்கையின் சிக்கல்

ஓட்டுநருக்கு ஒன்று, பின்னமர்பவருக்கு ஒன்று எனத் தனித்தனி இருக்கைகளே அதுவரை வழக்கில் இருந்தன. பி வரிசையில் இருவரும் அமரும் ஒரே நீண்ட மெத்தை இருக்கை பொருத்தப்பட்டது. அதன் அமைப்பு சற்று விந்தையானது. இருக்கையின் முன்முனை எண்ணெய்த் தொட்டியில் கீல் போன்று பிணைக்கப்பட்டிருக்கும். பின்பகுதியோ இரு தாங்குகம்பிகளின் வழியாக, அசையும் பின் முக்கோணத்தின் மீது நிற்கும். சக்கரம் மேலெழும்போது இருக்கையின் பின்பகுதியும் உடன் எழும். அதாவது இருக்கை முழுமையாகச் சுருள்விற்களால் தாங்கப்பட்டதும் அன்று, முற்றிலும் தாங்கப்படாததும் அன்று. முன்னே அமர்ந்திருப்பவர் சக்கரத்தின் அசைவில் சிறு பங்கையே உணர்வார். பின்னே அமர்ந்திருப்பவருக்குக் கூடுதல் பங்கு போய்ச் சேரும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. பின்னமர்பவரின் எடையில் ஒரு பகுதி சுருள்விற்களைத் தொடாமல் நேராகச் சக்கரத்திற்கே செல்வதால், ஒருவர் ஏறினாலும் இருவர் ஏறினாலும் சுருள்விற்களின் மீதான சுமை பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அந்த எடை சக்கரத்துடன் சேர்ந்து துள்ள வேண்டியிருக்கிறது. சுருள்விற்களுக்குக் கீழே உள்ள எடை கூடக்கூடச் சக்கரம் தரையின் மேடுபள்ளங்களைப் பின்தொடர்வது கடினமாகும்.

அசைவைத் தணிக்கும் வேலையை இருக்கையின் தாங்குகம்பிகளில் இருந்த உராய்வுத் தணிப்பான்கள் செய்தன. திருகைக் கையால் இறுக்கியும் தளர்த்தியும் இவற்றைச் சரிசெய்யலாம். உராய்வுத் தணிப்பானின் குறை யாதெனில், நிலை உராய்வு இயக்க உராய்வைவிடக் கூடுதலானது. எனவே சிறு அதிர்வுகளுக்கு அது அசையவே மறுக்கும். பெரிய பள்ளத்தில் ஒருமுறை அசையத் தொடங்கியபின் அதன் தடை குறைந்துவிடும். தேவைக்கு நேர்மாறான இயல்பு இது. எண்ணெயைச் சிறு துளைவழியே செலுத்தும் நீரியல் தணிப்பானில் அசைவின் வேகம் கூடும்போது தடையும் கூடுகிறது.

சி வரிசையும் வேகச் சாதனைகளும்

1948 இல் அறிமுகமான சி வரிசையில் இக்குறை களையப்பட்டது. பின்புறச் சுருள்வில் பெட்டிகளுக்கு இடையே நீரியல் தணிப்பான் ஒன்று சேர்க்கப்பட்டது. முன்புறத்தில் கர்ட்ராலிக் எனப் பெயரிடப்பட்ட புதிய கவை வந்தது. மற்ற நிறுவனங்கள் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கிற்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்கள் பக்கவாட்டு விசையில் வளைந்துகொடுக்கும் என்று கருதிய வின்சென்ட், உறுதியான இலேசு உலோகக் கலவையில் வார்த்தடித்த இரு தட்டைக் கால்களையும் நடுவே நீரியல் தணிப்பானையும் கொண்டு தமது கவையை அமைத்தார். பக்கப்பெட்டி இணைக்கும்போது முன்சக்கரத்தின் கோண அமைப்பை மாற்றிக்கொள்ளவும் அதில் வழி செய்யப்பட்டிருந்தது. உலகம் டெலஸ்கோப்பிக் வழியையே தேர்ந்தது என்பது வரலாறு. எனினும் வின்சென்டின் எதிர்ப்பு வெறும் பிடிவாதம் அன்று. அக்காலத்து மெல்லிய குழாய்களைப் பொறுத்தவரை அதற்குக் காரணம் இருந்தது.

55 குதிரைத்திறன் கொண்ட பிளாக் ஷாடோ மணிக்கு 125 மைல் (201 கி.மீ.) வேகத்தை எட்டியது. 1948 செப்டம்பர் 13 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள போன்வில் உப்புத் தரையில் ரோலி ஃப்ரீ என்ற வீரர் வின்சென்ட் வண்டியில் மணிக்கு 150.313 மைல் வேகத்தை அடைந்தார். காற்றின் தடையைக் குறைப்பதற்காக நீச்சல் உடை மட்டும் அணிந்து, வண்டியின் மீது குப்புறப் படுத்தபடி அவர் ஓட்டிய காட்சியின் ஒளிப்படம் மோட்டார் சைக்கிள் வரலாற்றில் மிகவும் புகழ்பெற்றதாகும். இருக்கை நீக்கப்பட்டிருந்த அவ்வண்டியே பின்புற நீரியல் தணிப்பான் பொருத்தப்பட்ட முதல் வின்சென்ட் என்று கருதப்படுகிறது. 1955 இல் நியூசிலாந்தில் ரசல் ரைட் ஏறத்தாழ 185 மைல் வேகத்தில் வின்சென்ட் வண்டியை ஓட்டி உலகச் சாதனை படைத்தார்.

இவ்வெற்றிகளுக்கு நடுவே வின்சென்டின் வாழ்வு எளிதாக இல்லை. 1947 இல் வண்டியொன்றைச் சோதித்து ஓட்டியபோது ஏற்பட்ட விபத்தில் இவரது தலையில் பலத்த காயம் ஏற்பட்டது. செலவைப் பாராமல் சிறந்த பொருட்களைக் கொண்டே வண்டிகளைச் செய்ததால் இலாபம் குறைவாக இருந்தது. 1949 இல் நிறுவனம் கடனாளர்களின் சார்பிலான நிர்வாகியின் கீழ் சென்றது. அதே ஆண்டில் இர்விங்கும் ஆஸ்திரேலியாவிற்குத் திரும்பினார். (பின்னாளில் 1966 ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 பந்தயத் தொடரை வென்ற ரெப்கோ பிராபம் எஞ்சினை வடிவமைத்தவர் இவரே.) அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் வண்டியுடன் குழப்பம் நேராதிருக்க எச்.ஆர்.டி. என்ற எழுத்துகளும் வண்டியிலிருந்து நீக்கப்பட்டன. பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே வீரரான ஜான் சர்டீஸ் தொழில் பழகுநராகப் பணியாற்றியது இத்தொழிற்சாலையில்தான்.

டி வரிசையும் உற்பத்தி நிறுத்தமும்

1954 இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட டி வரிசை, வின்சென்ட் தம் வாழ்நாள் முழுவதும் தேடிய வசதியான வண்டிக்கு மிக அருகில் வந்தது. இரு சுருள்வில் பெட்டிகளுக்கும் தணிப்பானுக்கும் மாற்றாக, இரண்டையும் ஒன்றாகக் கொண்ட ஒற்றை ஆம்ஸ்ட்ராங் அலகு பின்புறம் பொருத்தப்பட்டது. இருக்கை அசையும் முக்கோணத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தனித் துணைச்சட்டகத்தின் மீது நிலையாக வைக்கப்பட்டது. பின்னமர்பவர் சக்கரத்துடன் சேர்ந்து துள்ளும் நிலை இதனால் முடிவுக்கு வந்தது. சக்கரங்களின் விட்டமும் குறைக்கப்பட்டது.

பிளாக் பிரின்ஸ், பிளாக் நைட் ஆகிய வகைகளில் எஞ்சினும் பின்சக்கரமும் கண்ணாடியிழை உறைகளால் மூடப்பட்டன. மழையிலும் சேற்றிலும் உடை கெடாமல் நெடுந்தொலைவு செல்லவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் உறைகள் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. எனவே உறையற்ற வண்டிகளையும் விற்க நேர்ந்தது. மூடிய வண்டியின் தோற்றமும் எல்லோரையும் கவரவில்லை. ஜார்ஜ் ஆர்வெலின் புதினத்தைத் தழுவி 1956 இல் வெளியான 1984 என்ற திரைப்படத்தில் இவ்வண்டிகள் காவலர்களின் வாகனங்களாகத் தோன்றின. எதிர்காலத்தின் வண்டியாகத் திரையில் தோன்றியபோது அதன் உற்பத்தியே நின்றுபோயிருந்தது.

விலை மிகுதி, சிறிய கார்களின் போட்டி, ஒவ்வொரு வண்டியிலும் கிடைத்த மிகக்குறைந்த இலாபம் ஆகியவை சேர்ந்து 1955 டிசம்பரில் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தியை முடிவுக்குக் கொண்டுவந்தன. போருக்குப் பின் செய்யப்பட்டவை ஏறத்தாழ 11,000 வண்டிகள் மட்டுமே. தொழிற்சாலை அதன்பின் தொழிலக எஞ்சின்களையும், அமாண்டா என்ற நீர் ஸ்கூட்டரையும் செய்தது. அதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை, நிறுவனம் கைமாறியது. வின்சென்ட் பிற்காலத்தில் தமது வண்டிகளின் வரலாற்றையும் தன்வரலாற்றையும் நூல்களாக எழுதினார். 1979 இல் காலமானார்.

பிற்கால வண்டிகளில்

1967 இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிட்ஸ் எக்லி, வின்சென்ட் எஞ்சினுக்கு ஒற்றைத் தடித்த குழாயை முதுகெலும்பாகக் கொண்ட புதுச் சட்டகம் செய்து பந்தயங்களில் வென்றார். அச்சட்டகத்தில் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் வழக்கமான இரட்டை ஷாக் அப்சார்பரும் இருந்தன. வின்சென்ட் விலக்கிய இரண்டையும் கொண்டு அவரது எஞ்சின் மேலும் விரைந்தது.

பின் முக்கோணத்தின் கதை வேறு. பெல்ஜியப் பொறியாளர் லூசியான் டில்கன்ஸ் உருவாக்கிய ஒற்றைச் சுருள்வில் தொங்கமைப்பை யமஹா நிறுவனம் ஏற்று, 1973 ஆம் ஆண்டின் 250 கனசெ.மீ. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றது. முக்கோண வடிவப் பின்கை, தொட்டிக்கு அடியில் ஒற்றைச் சுருள்வில் அலகு என அதன் அடிப்படை வின்சென்டின் 1928 வரைபடத்தை வெகுவாக ஒத்திருந்தது. இந்தியச் சாலைகளில் பரவலாகக் காணப்படும் மோனோஷாக் வண்டிகள் இவ்வழியில் வந்தவையே. எஞ்சினையே சட்டகத்தின் பகுதியாகப் பயன்படுத்தும் முறையும் பின்னர் பல நிறுவனங்களில் வழக்கமானது.

1948 இல் தொடங்கப்பட்ட வின்சென்ட் உரிமையாளர் சங்கத்தின் முயற்சியால் பிற்காலத்திலும் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு வந்தன. புதிய பாகங்களை மட்டுமே கொண்டு முழு பிளாக் ஷாடோ ஒன்றும் உருவாக்கப்பட்டது. பி, சி வரிசை வண்டிகளை நெடுந்தொலைவு ஓட்டுவோர் செய்துகொள்ளும் மாற்றங்களுள் முதன்மையானவை இரண்டு: பின்புறத்தில் தற்காலத்து நீரியல் தணிப்பானைப் பொருத்துதல், இருக்கையின் தாங்குகம்பிகளை அசையும் முக்கோணத்திலிருந்து நீக்கி, டி வரிசையில் இருந்தவாறு நிலையான தாங்கிகளில் பிணைத்தல்.